ஸ்கில்ஸ் லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர்கள் நோயாளியைத் தொடும் முன் பொம்மைகளில் செய்முறை பழகும் இடம் ஸ்கில்ஸ் லேப். அங்கே புதிதாகக் கற்பிக்க வருபவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே வரிசையாகச் செய்கிறார்கள். செக்லிஸ்ட் பிரிண்ட் எடுக்க மறப்பது போன்றவை தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்தேர்வு இல்லாமல் தொடங்குவது

செய்யாதீர்கள்.

மொத்த மதிப்பெண்ணை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான்.

சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய் வழியே உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்) போடுவதற்கு 30 படிகள் கொண்ட செக்லிஸ்ட் தயாரித்தேன். படிக்கு ஒரு மதிப்பெண், 24 எடுத்தால் தேர்ச்சி. அந்த 80 சதவீதத்துக்குத் தனியாகக் காரணம் எதுவும் கிடையாது. எழுத்துத் தேர்வுப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். ஒரு பயிற்சி மருத்துவர் 28 வாங்கினார். கதீட்டரை, அதாவது அந்தக் குழாயை, உள்ளே செலுத்தும்போது அதற்கு வழிகாட்டும் கம்பியான கைடுவயரைப் பிடித்திருக்காமல் கையை எடுத்துவிட்டார். தவறிய இரண்டு படிகளில் அது ஒன்று. நோயாளியின் உடம்பாக இருந்திருந்தால் கம்பி முழுவதும் ரத்தக்குழாய்க்குள் போயிருக்கலாம். நான் தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் தாளைப் புரட்டியபோதுதான் உறைத்தது. உடனே அவரை வார்டிலிருந்து திரும்ப அழைத்தேன். நல்லவேளை, அதற்குள் அவர் யாருக்கும் லைன் போட்டிருக்கவில்லை.

நோயாளியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதற்கும் ஒரு மதிப்பெண், கம்பியை விடாமல் பிடிப்பதற்கும் ஒரு மதிப்பெண் என்றால் அந்தக் கூட்டுத்தொகைக்கு என்ன அர்த்தம்? உயிருக்கு ஆபத்தான படிகளைத் தனியே குறித்துவையுங்கள். அவற்றில் ஒன்று தவறினாலும், மொத்தம் எவ்வளவு இருந்தாலும், தேர்ச்சி கிடையாது.

மற்ற படிகளுக்கான தேர்ச்சி மதிப்பெண்ணை அனுபவசாலிகள் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். வழக்கமான ஆங்கொஃப் முறையில், தேறுவதா தோற்பதா என்ற விளிம்பில் நிற்கும் மாணவரை மனதில் வைத்துக்கொண்டு, அவர் இந்தப் படியைச் சரியாகச் செய்வாரா என்று மதிப்பிடுவார்கள். எல்லோரும் ஒரே தரத்தை எட்டும்வரை பயிற்சி தரும் மாஸ்டரி லேர்னிங்குக்கு அது பொருந்தாது. அடுத்த கட்டத்துக்கு நன்றாகத் தயாரான மாணவரை மனதில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இவ்வளவு கறார் தேவையா என்று கேட்பார்கள். தேவைதான். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சிமுலேட்டரில் மாஸ்டரி லேர்னிங் முறைப்படி தேறியவர்கள் லைன் போடத் தொடங்கியபின், அங்கிருந்த ஒரு ஐசியுவில் கதீட்டர் வழி ரத்தத் தொற்று 1,000 கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) 3.20-இலிருந்து 0.50-ஆக இறங்கியது.

நேரம் முடிந்ததும் பயிற்சியையும் முடிப்பது

ஆளுக்கு ஆள் நேரம் மாறலாம், எட்ட வேண்டிய தரம் மாறக் கூடாது. 1968-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் முன்வைத்த மாஸ்டரி லேர்னிங் முறையின் அடிப்படையே இதுதான். தேறாதவரை ஃபெயில் என்று அனுப்பிவிடாதீர்கள். எந்தப் படியில் கை தடுமாறியது என்று காட்டுங்கள், அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வையுங்கள், அப்புறம் மறுதேர்வு. நான்காவது முறை தேறியவரும் அதே தரத்தைத் தொட்டவர்தான்.

ஒருமுறை தேறினால் போதும் என்பது

போதாது. செய்யாமல் இருந்தால் கை மறந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதே செக்லிஸ்டோடு மறுபடி கூப்பிடுங்கள். கைடுவயரைப் பிடிக்கும் கையை முதலில் கவனியுங்கள்.