ஒரு படையையே பெயின்ற் அடிக்கப் போகிறீர்களா? வன்னி வெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைப் போர் விளையாட்டுக்கான சின்ன வீரர்களைப் பெயின்ற் அடிக்கப் பழகுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வீடியோ பார்த்துத்தான் பழகுகிறோம். அதில் இரண்டு சிக்கல். அந்த வீடியோக்களில் பாதி குளிர்நாட்டு அறைக்குள் எடுத்தவை, கிளிநொச்சி மத்தியான வெயிலைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. மற்றது, அவற்றில் ஒரேயொரு வீரனை மணிக்கணக்காக அழகுபடுத்துவார்கள், உங்களிடம் இருப்பதோ நாற்பது பேர். தனி ஆளை அழகாக்குவது ஒரு வேலை, படையை முடிப்பது முற்றிலும் வேறு வேலை.

பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஒருவனைத் தலை முதல் கால் வரை முடித்துவிட்டு அடுத்தவனை எடுப்பது. ஐந்தாவது ஆளில் அலுப்பு வரும், பத்தாவது ஆளின் சிவப்பு முதலாவது ஆளின் சிவப்பாக இருக்காது. முதலில் ஒரே ஒருவனை மட்டும் பரீட்சைக்கு முழுமையாக முடியுங்கள், எந்த நிறம் எதற்குப் பிறகு என்று ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வையுங்கள், அப்புறம் ஐந்து முதல் பத்துப் பேரை நிறுத்தி ஒரு நிறத்தை எல்லோருக்கும் அடித்துக்கொண்டு போங்கள். கடைசி ஆளுக்கு வரும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். இது நல்லாயிருக்கே என்று நாற்பது பேரையும் ஒரேயடியாக நிறுத்துகிறவர்களும் உண்டு, அவர்கள் நாட்கணக்காகச் சப்பாத்துக்கு மண்ணிறம் மட்டும் அடித்துவிட்டுப் பெட்டியை அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இன்னொன்று, நிறங்களை நீங்களே கலந்து புது நிறம் உண்டாக்காதீர்கள். அடுத்த மாதம் அதே கலவை திரும்பக் கிடைக்காது. போத்தலில் இருக்கிற நிறத்தையே பிடியுங்கள். தளபதியைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குள் கை படிந்திருக்கும்.

படையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பதும் தவறுதான். விளையாடும்போது நாங்கள் பார்ப்பது இரண்டு மூன்று அடி தள்ளி நின்று. அந்தத் தூரத்தில் 28 மில்லிமீற்றர் உயர ஆளின் கண்மணி தெரியவே தெரியாது, ஆனால் பிழையாக வைத்த கண் மட்டும் பேயறைந்த முழியாக நன்றாகத் தெரியும். கண் குழிக்குள் கொஞ்சம் கரும் வோஷ் (குழிகளில் தேங்கி நிழல் காட்டுகிற நீர்த்த பெயின்ற்) ஓடவிட்டால் போதும். நேரத்தை முகத்துக்கும் ஆயுதத்துக்கும் கொடுங்கள், நிறங்களை நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி வெளிச்சமாகவே எடுங்கள். கடும்பச்சை, கருநீலம், கறுப்பு என்று அடித்த படை மேசையில் ஒரே இருட்டாகக் கிடக்கும். இப்படிச் சின்ன வீரர்களைச் செய்து விற்கிற கம்பனியான கேம்ஸ் வேர்க்‌ஷொப் 2019இல் கொண்டுவந்த கொன்ட்ராஸ்ட் பெயின்ற் படை அடிக்கிறவர்களுக்குப் பெரிய உதவி, ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் வந்துவிடும். ஆனால் அது உள்ளிருப்பது தெரிகிற மெல்லிய பெயின்ற், கறுப்புப் பிறைமருக்கு (பெயின்ற் பிடிக்க முதலில் அடிக்கிற அடிப்பூச்சு) மேல் பூசினால் ஒன்றும் தெரியாது. வெள்ளை அல்லது வெளிர் நிறத்துக்கு மேல்தான் பூச வேண்டும்.

அச்சில் வார்த்தபோது ஒட்டிய எண்ணெய்ப்பசை சில வீரர்களில் இருக்கும், அதனால் பெயின்ற் தொடுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். உண்மை ஆளின் 1/72 அளவில் வருகிற வளைகிற பிளாஸ்ரிக் ஆட்களை இப்படிக் கழுவாமல் அடித்தால் துவக்கு நுனியிலிருந்து பெயின்ற் உரிந்து வரும். இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் ஓடுகிற கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிடுங்கள், பெயின்ற் அந்தக் கோட்டை மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும்.

இனிப் பிறைமர். இங்கேதான் எங்கள் ஊர்க் காலநிலை விளையாடும். சோளகம் வீசுகிற காலத்தில் மத்தியான வெயிலில் முற்றத்தில் நின்று ஸ்பிறே அடித்தால், பெயின்ற் வீரனில் படுவதற்கு முன்பே காற்றில் பாதி காய்ந்துவிடும், மேற்பரப்பு மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பாகிவிடும், கூடவே தூசியும். காலை வெயில் ஏறுவதற்கு முன், காற்றில்லாத மறைவில், ரின்னை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு முழத்துக்குள் பிடித்து, மெல்லிய பூச்சாக விட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஒரேயடியாக நனைத்தால் முகத்தின் வெட்டுகள் அடைபட்டுவிடும். அழுத்தம் நிறைந்த ரின்களை விமானத் தபாலில் அனுப்பமாட்டார்கள் என்பதால் பலரும் ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற வாகன ஸ்பிறேயை எடுக்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் சில வகையில் இருக்கிற கரைப்பான் பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். வீரர்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற சட்டத்தில் அடித்து ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பெயின்றைப் போத்தலிலிருந்து நேரே எடுத்துப் பூசக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், தண்ணீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சு. சரி, ஆனால் எங்கள் வெயிலில் கலந்த பெயின்ற் தட்டில் கொஞ்ச நேரத்திலேயே தோல் கட்டிவிடும், பிரஷ் நுனியும் இறுகிவிடும். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் நனைத்த பஞ்சு, அதற்கு மேல் கேக் சுடுகிற பேக்கிங் பேப்பர், அதில் பெயின்றை வைத்துக் கலந்தால் மூடி வைத்து அடுத்த நாளும் பாவிக்கலாம். தண்ணீரைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிய வைக்கிற கிணற்றுத் தண்ணீர்தான் வன்னியில் பல வீடுகளில். அதை வோஷில் தாராளமாகக் கலந்தால் காய்ந்த பிறகு குழிகளுக்குள் வெள்ளைத் தடம் விழலாம். குடிக்கிறதுக்கு வாங்குகிற சுத்திகரித்த தண்ணீரில் ஒரு கோப்பை போதும். உலோக நிறங்களுக்கு வேறு கோப்பை வையுங்கள், இல்லாவிட்டால் மினுக்குத் துகள் முகத்தில் எல்லாம் ஏறும்.

அடித்தட்டை அலட்சியம் பண்ணுகிறவர்கள் அதிகம், படையை ஒன்றாகக் காட்டுவதே அதுதான். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் பிரித்தானியரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த சண்டையை மேசையில் வைக்கிறீர்கள் என்று எடுங்கள். எதிர்ப்பக்கத்துக்குச் சிவப்புக் கோட்டு, ஒரே நிறத்தில் ஓட்டிவிடலாம். வன்னிப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் துணி கட்டிவிட்டால் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி இருக்கும். நாலைந்து துணி நிறங்களை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, எல்லோரின் காலடியிலும் ஒரே செம்மண்ணை வையுங்கள், படை சேர்ந்துவிடும். கடற்கரை மணலென்றால் நல்ல தண்ணீரில் பல தடவை அலசிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் பூக்கும். அரித்து ஒரே அளவாக்காதீர்கள், சின்னதும் பெரிதுமாக இருந்தால்தான் நிலம்போல இருக்கும். உயர்ந்த புல்லுக்குத் தென்னந்தும்பு நன்றாக நிற்கும், காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை.

கடைசி வேலை வார்னிஷ். அடிக்காமல் விட்டால் வியர்வைக் கை பட்டு விளிம்புகள் தேய்ந்துபோகும். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் மினுக்கமில்லாத மற் வார்னிஷை ஸ்பிறே பண்ணுவது, மாதக்கணக்கான வேலையைப் பத்து விநாடியில் கெடுக்கிற வழி. ஈரக் காற்றில் அது வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் பிரஷ்ஷால் பூசுகிற வார்னிஷே நல்லது. ஏற்கெனவே பூத்துவிட்டதென்றால் உடனே சுரண்ட வேண்டாம், ஈரமில்லாத நாளொன்றில் அதற்கு மேல் மினுக்கு வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிப் பாருங்கள். பல தடவைகளில் வெள்ளை மறைந்துவிடும், மினுக்கை அடக்க மழை விட்ட பிறகு மற் வார்னிஷை அடித்துக்கொள்ளலாம்.