பெரு போகிறீர்களா? முதலில் உயரத்தைக் கணக்கில் எடுங்கள்

பெருவுக்குப் பயணம் போடுகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தலைநகர் லிமாவில் இறங்குவது, அடுத்த விமானத்தில் மலைநகரமான குஸ்கோ, மறுநாள் மச்சு பிச்சு (ஸ்பானியர்கள் வரும் முன் இங்கே ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய பழைய நகரம்), அதற்கடுத்த நாள் பல நிறப் பட்டைகள் கொண்ட வானவில் மலை, பிறகு ஊர் திரும்புவது. இந்தத் திட்டம் உடம்பைத்தான் முதலில் படுத்தும். அடுத்து, இவ்வளவு செலவு செய்து போன நாட்டில் பாதியைக்கூடப் பார்க்க விடாது.

லிமா கடற்கரை நகரம். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் உடம்பு எப்படிப் பழகும்? போய் இறங்கிய அன்று மாலையே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். வயது, உடற்பயிற்சி எதுவும் இதற்குக் காப்பு இல்லை. நன்றாக ஓடுகிற இளைஞர்களும் படுத்துவிடுவார்கள்.

பலர் கவனிக்காத விஷயம், மச்சு பிச்சு குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வானது, 2,430 மீட்டர்தான். அதனால் குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகரத்தில் தங்காமல் நேராகக் கீழே புனிதப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவது நல்லது. அங்குள்ள ஒயந்தாய்தம்போ ஏறக்குறைய 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்கா காலத்துத் தெருக்களிலேயே இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் அது. இரண்டு இரவு அங்கே தங்கி, அங்கிருந்தே ரயிலில் மச்சு பிச்சு பார்த்துவிட்டு, அப்புறம் குஸ்கோவுக்கு ஏறினால் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். 3,812 மீட்டரில் இருக்கும் தித்திகாகா ஏரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வானவில் மலை 5,000 மீட்டருக்கும் மேலே. மலைக்கு வந்த இரண்டாம் நாளே அங்கே போவது ஆபத்து, எந்த ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை தேவையா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள். உடனே கீழே இறங்கி மருத்துவ உதவி தேட வேண்டும்.

மச்சு பிச்சு நுழைவுச் சீட்டில் நடக்கும் குழப்பம்

முன்பு மாதிரி உள்ளே போய் விருப்பப்படி சுற்ற முடியாது. 2024 ஜூன் முதல் மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்து வழிகள் என்று பிரித்துவிட்டார்கள். சீட்டில் எந்த வழி இருக்கிறதோ அதில் மட்டும்தான் நடக்கலாம், அதுவும் குறித்த நேரத்தில். முதல் சுற்று மேலே உள்ள படிநிலங்களோடு முடிந்துவிடும். எல்லோரும் எடுக்கும் அந்தப் புகைப்படம் கிடைக்கும், ஆனால் ஊருக்குள் இறங்க முடியாது. மூன்றாவது சுற்று கீழ்ப்பகுதி. ஹுவாய்னா பிச்சு சிகரம் ஏறும் சீட்டு இந்தச் சுற்றோடு சேர்ந்தது. அதை வாங்கியவர்கள், உயரத்திலிருந்து முழு நகரத்தையும் பார்க்கும் அந்த இடம் தங்கள் வழியில் இல்லை என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்து வருந்துகிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டாவது சுற்றுதான் சரி. அதற்கு ஏற்ற மாதிரி அது சீக்கிரம் விற்றும் போகிறது. மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களுக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள். சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். கழிப்பறை வாசலுக்கு வெளியேதான் என்பதால் போய்விட்டு நுழையுங்கள்.

மலைவழியே மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் நான்கு நாள் இன்கா பாதையில் தனியாக நடக்க முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் அனுமதி. சுமைதூக்குவோரையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேர் மட்டுமே. பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள், மழைக்காலத்தின் உச்சம் அது. 2010 ஜனவரி வெள்ளத்தில் ரயில் தடம் அடித்துச் செல்லப்பட்டு, மச்சு பிச்சுவின் மலையடிவார ஊரில் சிக்கிய பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. அந்த ஊருக்குச் சாலை கிடையாது என்பதை நினைவில் வைத்தால், டிசம்பர் முதல் மார்ச் வரை ஏன் யோசித்துப் போக வேண்டும் என்பது புரியும்.

வடக்கை விட்டுவிடாதீர்கள்

என்னைப் பொறுத்தவரை பெருவில் செய்யக்கூடிய பெரிய தவறு வடக்கைப் பார்க்காமல் வருவதுதான். இன்காக்களின் பேரரசு நீடித்தது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வடக்குக் கடற்கரையில் மோச்சே மக்கள் களிமண் செங்கலில் மலைபோன்ற கோயில்கள் கட்டியிருந்தார்கள். 1987-ல் சிக்லாயோ அருகே கல்லறைக் கொள்ளையர்கள் தோண்டிய பொருட்கள் சந்தைக்கு வர, தொல்லியலாளர் வால்டர் ஆல்வா அங்கே போய் அகழ்ந்தார். கொள்ளையர் கை படாத ஒரு மன்னனின் கல்லறை கிடைத்தது. சிபான் பிரபு என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். லம்பாயேக்கே நகரின் அரச கல்லறைகள் அருங்காட்சியகத்தில் அவருடைய அணிகள் இருக்கின்றன. வேர்க்கடலை வடிவ மணிகளால் ஆன ஒரு கழுத்தணி, வலது பக்கம் பத்து மணிகள் தங்கம், இடது பக்கம் பத்து மணிகள் வெள்ளி. அந்தக் கைவேலையைப் பார்த்த பிறகு பெருவின் வரலாறு என்றால் இன்கா மட்டும்தான் என்று யாராலும் நினைக்க முடியாது.

அங்கிருந்து தெற்கே த்ருஹியோ. ஊருக்கு ஒரு பக்கம் மோச்சேக்களின் நிலாக் கோயில். சுவர்களில் நிறம் மங்காத ஓவியங்கள். இன்னொரு பக்கம் சிமூ அரசின் தலைநகரமான சான் சான், முழுக்க முழுக்க மண்ணால் கட்டிய நகரம். எல் நினோ மழை ஒவ்வொரு முறையும் அதைக் கரைக்கிறது. யுனெஸ்கோவின் ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் அது 1986 முதல் இருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடிய இடம் இல்லை.

இன்னும் நாள் இருந்தால் சாச்சப்போயாஸ் போய் குவெலாப் கோட்டையைப் பாருங்கள். 3,000 மீட்டர் மலைமுகட்டில், சில இடங்களில் 20 மீட்டர் உயரக் கல்மதில். 2017-ல் கேபிள் கார் வந்த பிறகு போவது எளிது. 2022-ல் மதிலின் ஒரு பகுதி சரிந்ததால் எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்திலேயே கோக்தா அருவி, 771 மீட்டர். குஸ்கோவின் கூட்டத்தில் ஒரு சிறு பங்குகூட இங்கே இருக்காது.

பெருவின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அமேசான் காடு. அதற்கு ஒரே ஒரு இரவு ஒதுக்குவது வீண். காட்டோர நகரமான புவெர்த்தோ மால்தொனாதோவில் இறங்கினால் பல விடுதிகளுக்குப் படகில்தான் போக வேண்டும். பஞ்சவர்ணக் கிளிகள் ஆற்றங்கரை மண்ணைக் கொத்த வரும் காட்சி விடிகாலையில், அதுவும் மழை இல்லாத நாளில்தான். குறைந்தது மூன்று இரவு வேண்டும். காட்டு நகரமான இகித்தோஸ் போவதென்றால் விமானம் அல்லது படகு. சாலை வழி கிடையாது.

பாலைவனத் தரையில் பழங்கால மக்கள் வரைந்த பிரம்மாண்ட உருவங்களான நாஸ்கா கோடுகளை லிமாவிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்புவதாகவும் திட்டம் போடுகிறார்கள். போக மட்டும் 450 கிலோமீட்டர் பாலைவனச் சாலை, அதன் பிறகு பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வளையும் குட்டி விமானம். ஓர் இரவு நாஸ்காவிலேயே தங்கி, வயிறு நிறையச் சாப்பிடாமல் காலையில் பறப்பது மேல். கோடுகள் இருக்கும் நிலத்தில் கால் வைக்கவே கூடாது. அங்கே பதிந்த தடம் பல காலம் அழியாது.

தித்திகாகாவில் நாணல் மிதவைத் தீவுகளை அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏரியைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அமந்தானி தீவில் ஒரு வீட்டில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் தாக்கிலே தீவு. அங்கே ஆண்கள் நடந்துகொண்டே பின்னல் போடுவார்கள். அந்தத் தீவின் பின்னல், நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005-ல் அங்கீகரித்தது. படம் எடுக்கும் முன் கேளுங்கள். அவர்கள் காட்சிப்பொருள் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சூப்பில் கவனமாக இருங்கள். கீன்வா என்ற தானிய சூப்பாகவே இருந்தாலும் கோழிச் சாறு ஊற்றியிருப்பார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். லேசாகக் கிழிந்த டாலர் நோட்டைக்கூடக் கடைகளில் வாங்க மாட்டார்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பெரு இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சான்றிதழ் செல்லுபடியாக ஊசி போட்டுப் பத்து நாள் ஆக வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம். அடுத்து கோக்கா இலை. குஸ்கோ விடுதிகளில் வரவேற்பறையிலேயே கோக்கா டீ வைத்திருப்பார்கள், அங்கே அது சட்டப்படியானது, அங்கேயே குடித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அந்த இலை போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரு டீ பாக்கெட்கூடப் பெட்டியில் இருக்கக் கூடாது.