மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான பிளாஸ்மிடைத் தேர்ந்து சரிபார்த்தல்

சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் ஹார்மோன் ஏற்பி ஆய்வில் புதிதாக இறங்கும் மாணவர்கள், மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட் கைக்கு வந்ததும் அதை உயிரணுக்களுக்குள் செலுத்த அவசரப்படுவது இயல்பு. அதற்கு முன் ஏற்பியின் மரபணு வரிசையை முழுமையாகப் படித்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் இருக்கிறது. 1986இல் பிரெஞ்சு அறிவியலாளர் பியேர் ஷாம்போனின் குழு வெளியிட்ட மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் முதல் பிரதியான எச்ஈ0வில், 400ஆம் அமினோ அமிலமாகக் கிளைசினுக்குப் பதிலாக வேலின் இருந்தது. அந்த ஒரு மாற்றம் ஏற்பியின் நிலைத்தன்மையையும், வெப்பம் கூடும்போது ஹார்மோனைப் பற்றும் திறனையும் குறைத்துவிடுகிறது என்பதை அதே குழு 1989இல் கண்டறிந்தது. திருத்தப்பட்ட வடிவமே எச்ஈஜி0. ஆகவே பழைய பிளாஸ்மிடை யாரேனும் அன்போடு கொடுத்தால், தொடக்கக் குறியீட்டின் முதல் எழுத்திலிருந்து எண்ணி 1,199ஆம் எழுத்தைப் பாருங்கள்: அது ‘ஜி’ என்றால் கிளைசின், ‘டி’ என்றால் வேலின். 595 அமினோ அமிலங்களுக்கான வரிசை 1,788 எழுத்துகள் நீளமுடையது. சாங்கர் வரிசைப்படுத்தல் முறையில் ஒரு வாசிப்பு ஏறத்தாழ 700, 800 எழுத்துகளையே தெளிவாகத் தரும் என்பதால், இரு முனைகளிலிருந்து மட்டுமன்றி நடுவிலிருந்தும் ஒரு பிரைமர் (வாசிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்துப் படிப்பது நல்லது.

ஆட்ஜீன் போன்ற பிளாஸ்மிட் களஞ்சியத்திலிருந்து பெறுவதாயின், பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்திற்கு உங்கள் நிறுவனம் இசைவளிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வந்துசேரும் பாக்டீரியாவை உரிய ஆன்டிபயாட்டிக் கலந்த அகார் தட்டில் கோடிழுத்து வளர்த்து, தனித்து நிற்கும் ஒரே காலனியிலிருந்து பிளாஸ்மிடைப் பிரித்தெடுக்க வேண்டும்.

ஏற்பியின் மரபணுவைச் சுமக்கப் பயன்படும் பிளாஸ்மிடுகளான பிஎஸ்ஜி5, பிசிடிஎன்ஏ3.1 இரண்டுமே எஸ்வி40 வைரஸின் பெருக்கத் தொடக்கப் புள்ளியைக் கொண்டவை என்பதால் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற காஸ்-7 உயிரணுக்களில் பெருகும். ஏற்பியை நிலையாக உருவாக்கும் உயிரணுக்களை ஜி418 என்னும் ஆன்டிபயாட்டிக் கொண்டு தெரிவுசெய்ய விரும்பினால், நியோமைசின் எதிர்ப்பு மரபணுவுள்ள பிசிடிஎன்ஏ3.1ஐத் தேர்ந்தெடுங்கள்.

வளர்ப்பு ஊடகத்திலும் அதே கவனம் தேவை. வழக்கமான ஊடகத்திலுள்ள பீனால் ரெட் சாயத்துடன் வரும் மாசுக்கே மெல்லிய ஈஸ்ட்ரோஜன் இயல்பு உண்டு. சீரத்தில் ஸ்டீராய்டு ஹார்மோன்களும் இருக்கும். எனவே சாயமற்ற ஊடகத்தையும் கரியால் வடித்த சீரத்தையும் பயன்படுத்துங்கள். சாயமற்ற ஊடகம், அமிலத்தன்மை கூடினால் நிறம் மாறி எச்சரிக்காது என்பதால், அந்நாள்களில் தட்டுகளை நுண்ணோக்கியில் அடிக்கடி பார்ப்பது அவசியம்.

ஏற்பியின் செயலை, லூசிபெரேஸ் என்னும் நொதி தரும் ஒளியைக் கொண்டு அளக்கும்போது, ஏற்பியின் அளவைக் கூட்டினால் ஒளி கூடும் என்று எண்ண வேண்டாம். அளவு மிஞ்சினால் உயிரணுவின் துணைப் புரதங்களை ஏற்பியே கவர்ந்துகொண்டு, லூசிபெரேஸ் அளவீடு இறங்கக்கூடும். ஆகவே சிறிய அளவிலிருந்து படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு குழியிலும் மொத்த டிஎன்ஏ சமமாக இருக்கும்படி வெறும் பிளாஸ்மிடைச் சேர்த்து ஈடுசெய்யுங்கள். ஏற்பியில்லா வெறும் பிளாஸ்மிட் மட்டும் கொண்ட குழி, எஸ்ட்ராடையால் என்னும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் அதன் கரைப்பானான எத்தனால் மட்டும் பெற்ற குழி, எஸ்ட்ராடையாலுடன் ஏற்பியைத் தடுக்கும் மருந்தான ஃபுல்வெஸ்ட்ரான்ட் பெற்ற குழி ஆகிய மூன்றும் ஒரே தட்டில் இருக்க வேண்டும்.