மழைக்காலத்தில் செம்மறிகளுக்குப் புழு மருந்து: எப்போது, எந்த ஆட்டுக்கு, எவ்வளவு

ஐப்பசி மழை பிடித்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் பட்டியில் புழுவின் வேலை வெளியே தெரியும். புழுக்கையோடு விழும் முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்து இளம்புழுவாகிப் புல்லில் ஏறுகிறது. ஆடு அதைத் தின்ற சுமார் மூன்று வாரத்தில் அது முதிர்ந்து முட்டையிடத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மாவட்டங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை தொல்லை உச்சத்தில் இருப்பது இதனால்தான். தென்மேற்கு மழை கிடைக்கும் தென்காசி, பொள்ளாச்சிப் பக்கம் ஆடியிலும் ஒருமுறை ஏறும். கோடை வெயிலில் மேய்ச்சல் தரையிலுள்ள இளம்புழுக்கள் பெரும்பாலும் காய்ந்து சாகும்.

ஆட்டைக் கொல்வதில் முதலிடம் நான்காம் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவுக்கு. இது பெரும்பாலும் கழிச்சலை உண்டாக்காது. கழிச்சல் வரட்டும் என்று காத்திருந்தால் ஆடு போய்விடும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ் இமையைப் பகல் வெளிச்சத்தில் இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் விடலாம். வெளிறியிருந்தால் அன்றே மருந்து. தாடைக்கடியில் நீர் கோர்த்திருக்கிறதா என்பதை ஆடுகள் மேய்ந்து திரும்பும் மாலையில் பாருங்கள், காலைக்குள் வீக்கம் வடிந்திருக்கும்.

வெளிறியவை, குட்டிகள், ஈன்ற தாய் ஆடுகள் ஆகியவற்றுக்கு மட்டும் கொடுத்து, திடமான பெரிய ஆடுகளை விட்டுவிடுவதே நல்லது. எல்லாவற்றுக்கும் அடிக்கடி ஊற்றினால் மருந்துக்குத் தப்பிய புழுக்களின் வாரிசுகள்தான் தரையில் மிஞ்சும். கோடையில் மொத்தப் பட்டிக்கும் ஊற்றுவதில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், தரையில் வேறு புழுவே இல்லாததால். ஆனால் பாதி மந்தை வெளிறிக் கிடந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், எல்லாவற்றுக்கும் கொடுங்கள்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். கண்மதிப்பு வேண்டாம், தராசில் நிறுத்துங்கள். அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கிலோ எடைக்கு 7.5 மில்லிகிராம், 2.5 சதவீதக் கரைசலில் 20 கிலோ ஆட்டுக்கு 6 மில்லி. புட்டியில் உள்ள சதவீதத்தைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது. தலையை அண்ணாத்திப் பிடிக்காமல் நேராக வைத்து, கடைவாய் வழியே நாக்கின் பின்புறம் மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குள் போகும்.

மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் சோதியுங்கள். முட்டை எண்ணிக்கை முன்பிருந்ததைவிட 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டும். அல்பெண்டசோலிலிருந்து பெண்பெண்டசோலுக்குத் தாவுவது மாற்றமல்ல, இரண்டும் ஒரே வகை. லெவமிசோல், ஐவர்மெக்டின், குளோசன்டெல் எது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். லெவமிசோல் அளவு மீறினால் நஞ்சாகும்.

பனி உலர்ந்த பிறகு மேயவிடுங்கள். இளம்புழுக்கள் தரையை ஒட்டிய இரண்டு அங்குலத்தில்தான் அதிகம், ஆகவே மொட்டையாகக் கடித்த நிலத்தில் விடவேண்டாம். கட்டித் தொங்கவிடும் அகத்தி, வாகைத் தழையில் இந்தப் பயமில்லை.

தை முதல் பங்குனி வரை கவலை ஏரிக்கரைக்கு மாறுகிறது. நீர் வற்றும் விளிம்பில் பச்சை இருக்கும், அதில் நத்தைவழி வரும் தட்டைப்புழுவும் இருக்கும். நாற்றமுள்ள தண்ணீர்க் கழிச்சல் கண்டால் அந்தத் தட்டைப்புழுக்களில் ஒருவகையான ஆம்பிஸ்டோமின் இளம்புழு என்று சந்தேகியுங்கள். அல்பெண்டசோல் அதற்கு உதவாது. ஆக்சிகுளோசனைடு வேண்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம்.