காலையில் கார் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்தால்: பம்பை மாற்றும் முன் பிரஷரை அளந்து பாருங்கள்

காலையில் செல்ஃப் அடித்தால் ஏழெட்டு நொடி இழுத்த பிறகுதான் பிடிக்கிறது, அதன்பின் நாள் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. இது ஒரு வகை. ஸ்டார்ட் ஆகிவிடுகிறது, ஆனால் மூன்றாவது கியரில் மிதித்தால் புல்லிங் இல்லை, ஏசி போட்டால் இன்னும் மோசம். இது இன்னொரு வகை. முதல் வகையில் பெட்ரோல் லைனில் வந்த பிரஷர் இரவில் நிற்பதில்லை. இரண்டாவதில் போதுமான பிரஷரே வருவதில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தாகப் பெட்ரோல் பம்பை மாற்றுவது பணத்தைக் கரைக்கும் வேலை. கடலூர், புதுச்சேரியின் உப்புக்காற்றில் ஓடும் கார்களில் பம்பு நன்றாக இருந்து, அதற்குப் போகும் ஒயர் கெட்டிருப்பது சாதாரணம்.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டரின் உள்வாயிலிலும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும்) கார்களுக்கு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ கார்களின் ஹை பிரஷர் லைனிலும், டீசல் காமன் ரெயிலிலும் கை வைக்காதீர்கள். அங்கே பிரஷர் தோலைக் கிழித்து உள்ளே போகும் அளவுக்கு இருக்கும்.

பிரஷர் கேஜ் எடுக்கும் முன்

சாவியை ஆன் செய்து செல்ஃப் அடிக்காமல் காது கொடுங்கள். பின்சீட்டுக்கு அடியில் சுமார் 2 நொடி ‘ஊம்’ என்று பம்பு ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பியூஸைப் பாருங்கள், பிறகு ரிலேவை (பம்புக்குக் கரண்ட் விடும் மின் சுவிட்ச்). அதே எண் கொண்ட ஹாரன் ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். டேஷில் சாவி விளக்கு மின்னினால் அது இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினைத் தடுக்கும் திருட்டுத் தடுப்பு) தகராறு, பம்பின் குற்றமல்ல. சில ஃபோர்டு கார்களில் இடித்தால் பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் உண்டு. பள்ளத்தில் வேகமாக இறங்கினாலும் அது ட்ரிப் ஆகிவிடும். மேலிருக்கும் பட்டனை அழுத்தினால் போதும்.

சத்தம் கேட்டால், மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் சாவியை மூன்று முறை ஆன்–ஆஃப் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் 3 நொடி காத்திருந்து. நான்காவது முறை செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டால் லைனில் இரவு பிரஷர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியும் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடித்தால் மட்டும் பிடித்து, பெட்ரோல் வாடையோடு கரும்புகை வந்தால் இன்ஜெக்டர் ஒழுகி எஞ்சின் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது.

கேஜ் போடுவது

0 முதல் 7 பார் (அழுத்த அலகு) வரை காட்டும் கேஜ், உங்கள் காருக்குப் பொருந்தும் டி அடாப்டர் (லைனின் நடுவே கேஜைச் செருகும் T வடிவ இணைப்பு), இன்ஜெக்‌ஷன் பிரஷரைத் தாங்கும் ஹோஸ், இரண்டு கிளாம்ப் வேண்டும். கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாயைப் போடாதீர்கள், 3 பாரில் பிய்த்துக்கொண்டு போகும். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். உலர்பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எஞ்சின் ஓடும்போதே பம்பு பியூஸைப் பிடுங்குங்கள். தானாக அணைந்ததும் இன்னும் 3 நொடி செல்ஃப் அடியுங்கள், லைன் காலியாகும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பெட்ரோல் லைன் கனெக்டரைத் துணியால் சுற்றிப் பிடித்துத் திறங்கள். பெட்ரோல் லைன் இன்ஜெக்டர் ரெயிலுக்குள் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) நுழையும் இடத்தில் கேஜை நடுவே போட்டு, பியூஸைத் திருப்பி மாட்டி, பேட்டரி இணைத்து, சாவி ஆன் செய்து முதலில் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய பெட்ரோலை எஞ்சின் பக்கமிருந்து டேங்குக்குத் திருப்பும் குழாய்) இல்லாத இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை நிற்கும். உங்கள் மாடலின் துல்லியமான அளவு ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும், அதுவே கடைசி வார்த்தை. ரிட்டர்ன் லைனும் வேக்குவம் ரெகுலேட்டரும் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பிரஷரைச் சரிசெய்யும் பாகம்) உள்ள பழைய காரில் ஐடிலில் சுமார் 2.5 பார் காட்டும். ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் 3க்கு ஏற வேண்டும். கழற்றிய குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்துவிட்டது, வேறு சோதனை தேவையில்லை.

ஐடிலில் 3 பார் காட்டுகிறது என்று கேஜைக் கழற்றிவிட வேண்டாம். வேகமாக ரேஸ் கொடுங்கள், முடிந்தால் கேஜை வைப்பருக்கு அடியில் கண்ணாடியோடு கட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மிதிக்கும்போது 0.5 பாருக்கு மேல் சரிந்தால் பம்பு தேய்ந்திருக்கிறது, அல்லது அடைப்பு, அல்லது கரண்ட் குறைவு. ஸ்கேனர் இருந்தால் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூட்டலில் 15 சதவீதத்தைத் தாண்டி நிற்பதும் இதைச் சுட்டலாம்.

அணைத்த பிறகு என்ன ஆகிறது

எஞ்சினை அணைத்து 10 நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஒரே நிமிடத்தில் பூஜ்யத்துக்கு வந்தால்தான் குறை. பம்பின் வெளிவாயிலில் உள்ள ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று விடுகிறது. லைனில் ரப்பர் ஹோஸ் உள்ள இடத்தில், பம்பு ஓடி நின்ற உடனே கிளாம்ப் வைத்து அழுத்துங்கள். (பிளாஸ்டிக் குழாயை அழுத்தினால் உடையும்.) டேங்க் பக்கத்தை அடைத்ததும் முள் நின்றால் குறை டேங்கில். நிற்காமல் இறங்கினால் இன்ஜெக்டர்களைப் பாருங்கள். பிளக் கழற்றினால் எந்த சிலிண்டரில் கருத்து நனைந்திருக்கிறதோ அதன் இன்ஜெக்டர்தான்.

மே மாத மதியத்தில் கடைக்குப் போய் கால் மணி நேரம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாத கார்களுக்கும் காரணம் இதே. அணைத்த எஞ்சினின் சூடு ரெயிலுக்கு ஏறும். உள்ளே பிரஷர் நின்றால் பெட்ரோல் கொதிக்காது, நிற்காவிட்டால் ஆவியாகி இன்ஜெக்டருக்கு வெறும் வாயு போகும்.

உப்புக்காற்று செய்யும் வேலை

பிரஷர் குறைவு என்று கேஜ் சொன்னால், டேங்கைத் திறக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ரிலே சாக்கெட்டில் 30, 87 என்ற இரண்டு பின்களை 15 ஆம்பியர் பியூஸ் உள்ள ஒயரால் இணைத்தால் பம்பு தொடர்ந்து ஓடும். அது ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்பு கனெக்டரின் பாசிட்டிவ் ஒயரிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ரிலேவோ கனெக்டரோ கரண்ட்டைத் தின்கிறது. அதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் பம்பின் எர்த் ஒயருக்கும் இடையே 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பம்பை ஓட்டாமல் அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். பம்பு வேகத்தைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் மாடல்களுக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரத் தெருக்களில் நிற்கும் கார்களில் பாடியோடு எர்த் இணையும் போல்ட்டுக்கடியில் துருவும், கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். போல்ட்டைக் கழற்றி இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரியத் தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். கருகிய பின்னைச் சுரண்டி ஓட்ட வேண்டாம், மாற்றுங்கள். செலவில்லாத இந்த வேலைக்குப் பிறகு பிரஷரை மறுபடி அளந்தால் பல கார்களில் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பம்பு ஏன் சாகிறது

தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால், கடலூர்க்காரர்கள் பலர் ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் எல்லை தாண்டும் வரை ஓட்டுகிறார்கள். பம்பைக் குளிர்விப்பதும் அதற்கு மசகாவதும் அந்தப் பெட்ரோல்தான். அடிமட்டத்திலேயே ஓட்டினால் மோட்டார் சூடாகும், பிரஷ் தேயும், டேங்கின் கசடும் வடிகட்டி வலையில் சேரும். லிட்டருக்கு மிச்சப்படும் சில ரூபாய் ஒரு பம்பின் விலைக்கு ஈடாகாது. கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையில் ரெயின்போ நகர் போல வெள்ளம் நிற்கும் தெருக்களில் நின்ற காராக இருந்தால் பெட்ரோலில் தண்ணீரையும் சந்தேகியுங்கள். பம்பு ஹோஸிலிருந்து 200 மில்லி அளவு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிது தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். கீழே தனி அடுக்கு தெரிந்தால் டேங்கை முழுக்க இறக்கிச் சுத்தம் செய்யாமல் புதுப் பம்பு போடக் கூடாது.

பம்பை மாற்றுவதென்றே முடிவானால், மூடியைச் சுற்றியுள்ள மணலை முதலில் காற்றடித்துத் துடையுங்கள், டேங்க் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது திறங்கள். சீல் ரிங்கைப் பழையதையே போடாதீர்கள். வடிகட்டி வலையும் புதிதாக இருக்கட்டும். மாட்டிய பிறகு மூன்று முறை சாவி ஆன் செய்து பிரஷரைக் குறித்துக்கொண்டு, கேஜைக் கழற்றாமல் ஒரு இரவு விட்டு, மறுநாள் காலை முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வண்டியை ஓட்ட எடுங்கள்.