சொந்தப் படகு வருடத்தில் எத்தனை நாள் ஓடும்? தவிர்க்க வேண்டிய கணக்குத் தவறுகள்

உல்லாசப் படகு வைத்திருப்பவர்களிடம் "எப்போதெல்லாம் எடுப்பீர்கள்?" என்று கேட்டால், "நேரம் கிடைக்கும்போதெல்லாம்" என்பார்கள். இன்ஜின் ஓடிய நேரத்தைக் குறிக்கும் ஹவர் மீட்டர் வேறு கதை சொல்லும். பொழுதுபோக்குக்கான மோட்டார் படகு வருடத்துக்கு 50 முதல் 100 மணி நேரம் ஓடினாலே நன்றாகப் பயன்படுகிறது என்றுதான் அர்த்தம். அந்த அளவைத் தொடாத படகுகள் ஏராளம். வருடத்தில் மொத்தம் 8,760 மணி நேரம் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த இடைவெளிக்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, வாங்கும்போது போட்ட கணக்குதான் காரணம். 52 சனி, ஞாயிறு இருக்கிறது, பாதியாவது போக மாட்டோமா என்று தோன்றும். குளிர்நாடுகளில் சில மாதம் படகைக் கரையேற்றி, இன்ஜினில் உறையாத திரவம் ஏற்றி, மூடி வைத்துவிட வேண்டும். அங்கேயே கணக்கு பாதியாகிறது. அப்புறம் காற்று. காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபர்ட் அளவுகோலில் 4 என்றால் 11 முதல் 16 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல் வேகம். அலைமுகட்டில் வெள்ளை நுரை பரவலாகத் தெரியும். பெரிய படகுக்கு அது ஒன்றுமில்லை. திறந்த சின்னப் படகில் குழந்தைகளோடு போகிறவருக்கு அன்றைய பயணம் அவ்வளவுதான். மீதியில் கல்யாணம், விருந்தாளி, காய்ச்சல், அலுவலக வேலை. சீசன் நடுவில் ஏதாவது பழுதாகி உதிரிபாகத்துக்குக் காத்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் போகும். கடைசியில் பத்துப் பதினைந்து நாள் மிஞ்சினாலே நல்ல வருடம் என்பேன்.

ஹவர் மீட்டரை மட்டும் நம்புவதும் தவறுதான். பாய்மரப் படகுக்காரர் துறைமுகத்தை விட்டு வெளியேறவும் திரும்பி நுழையவும் மட்டுமே இன்ஜினைப் போடுவார். நங்கூரம் போட்டு நாள் முழுக்கத் தூண்டில் போடுகிறவரின் மீட்டரில் ஒரு மணி நேரம்கூட ஏறியிருக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுத்துப் போகிறவருக்கோ ஒரே நாளில் எட்டு மணி நேரம் ஏறிவிடும். நாளையும் மணியையும் ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதி வைத்தால் குழப்பம் தீரும்.

சரி, இருப்பதிலேயே விலை அதிகமான தவறு எது? வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பயணத்தை மனதில் வைத்துப் படகு வாங்குவது. படுக்கை, சமையலறை, பத்துப் பேருக்கு இடம் என்று எல்லாம் இருக்கும். ஆனால் அதைத் துறையிலிருந்து கிளப்ப இன்னோர் ஆள் வேண்டும், எரிபொருளும் அதிகம் குடிக்கும். "சாயங்காலம் ஒரு சுற்று போய்வரலாம்" என்ற நினைப்பு அதனாலேயே செத்துப்போகும். டிரெய்லரில் வைத்து இழுத்துப் போகும் படகுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. வண்டியில் மாட்டி, ஓட்டிப் போய், சரிவில் இறக்கி, திரும்பி வந்து உப்பு போகக் கழுவி முடிப்பதற்குள் பல நேரம் தண்ணீரில் இருந்ததைவிட அதிக நேரம் ஆகியிருக்கும். என் கணிப்பில் படகு எவ்வளவு ஓடும் என்பதை அதன் விலை தீர்மானிப்பதில்லை. வீட்டிலிருந்து தண்ணீருக்கு எவ்வளவு தூரம், ஒரே ஆளாகக் கிளப்ப முடியுமா, இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

அடுத்தது, ஓடாவிட்டால் தேயாது என்ற நம்பிக்கை. சும்மா கிடக்கும் படகுதான் சீக்கிரம் கெடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜின் எரிபொருளை உறிஞ்சுவதும் பெரும்பாலும் அந்த அடிப்பகுதியிலிருந்துதான். குளிர்விக்கும் நீரை இழுக்கும் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் ஒரே பக்கம் வளைந்து கிடந்து அப்படியே இறுகிவிடும். அடுத்த முறை கிளப்பும்போது தண்ணீர் சரியாக ஏறாமல் இன்ஜின் சூடாகும். பேட்டரி தானாகவே இறங்கும். பேட்டரி போனால், அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பும் வேலை செய்யாது. கடலில் கட்டிக் கிடக்கும் படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டி, வேகத்தைக் குறைத்து எரிபொருளைத் தின்னும். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களுக்கு "100 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ" என்று சர்வீஸ் கெடு வைப்பதும் இதனால்தான். வருடத்துக்கு இருபது மணி நேரம் ஓடிய மோட்டாருக்கும் அந்தக் கெடு பொருந்தும்.

கட்டிய இடத்திலேயே மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது பரிகாரம் ஆகாது. சுமை இல்லாமல் ஓடும் இன்ஜின் முழுச் சூட்டை எட்டாது. உள்ளே ஈரமும் கரியும்தான் மிஞ்சும். வெளியே எடுத்துப் போய் அரை மணி நேரமாவது சுமையோடு ஓட்டினால்தான் பலன்.

பழைய படகு வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். பத்து வருடப் படகின் மீட்டரில் 80 மணி நேரம் இருந்தால் புதுசு மாதிரி என்று விளம்பரம் செய்வார்கள். அதே வயதில் 600 மணி நேரம் ஓடி, சர்வீஸ் ரசீதுகள் ஒழுங்காக இருக்கும் படகைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

செலவு விஷயத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை. வாங்கிய விலையில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் பராமரிப்பு, நிறுத்துமிடம், காப்பீடு என்று போகும் என்பது படகுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் தோராயக் கணக்கு. அதை நினைத்த நாட்களால் வகுக்காமல், போன வருடம் உண்மையில் போன நாட்களால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை வாடகைப் படகைவிடப் பல மடங்கு இருந்தால் வாடகை, படகு கிளப், பங்குதாரர் என மூன்று வழி இருக்கிறது. படகை அவிழ்க்காமல் அதன் மேல்தட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கவே வாரா வாரம் படகு நிறுத்தும் துறைக்கு வருகிறவர்களும் உண்டு. அதுவும் பயன்பாடுதான், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பங்கு போடுவதானால் சீசனின் நல்ல சனிக்கிழமைகள் யாருக்கு என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பெட்ரோல் செலவைவிட அதில்தான் மனஸ்தாபம் அதிகம் வரும்.

குறைவாக ஓட்டுகிறவர் தன் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். சில பத்திரங்களில் குறிப்பிட்ட மாதங்கள் படகு கட்டிக் கிடக்கும் என்று நிபந்தனை இருக்கும். தவணைத் தொகை குறைந்திருப்பதே அதனால்தான். நல்ல வெயில் அடிக்கிறதே என்று அந்த மாதத்தில் படகை எடுத்துப் போய் எதிலாவது மோதினால், இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.