கோசோ தீவில் நான்கு இரவுகள்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு திட்டம்

மால்டாவுக்குப் போகிறவர்களில் பலர் பக்கத்துத் தீவான கோசோவை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். காலையில் கப்பல், ஜீப்பில் ஒரு சுற்று, சாயங்காலம் திரும்பிவிடுவது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 14 கி.மீ. நீளம், 7 கி.மீ. அகலம்தான், ஆனால் எந்தக் கரைக்கு எப்போது போவது என்பதைக் காற்று முடிவு செய்கிற தீவு இது. நாள் கணக்கில் தங்கினால்தான் காற்றுக்கு ஏற்ப இடம் மாற்றிக்கொள்ள முடியும். நான்கு இரவு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான வழி இதோ.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை. என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசிதான். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் இதமாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். ஆகஸ்டில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும். அதோடு ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருவிழா. வாணவேடிக்கை, பேண்டு வாத்தியம் என்று கோசோவின் தலைநகர் விக்டோரியா களைகட்டும். அதைப் பார்க்க ஆசையென்றால் தாராளமாகப் போங்கள், அறையை மட்டும் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள்.

2. விசா

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுத்தாக வேண்டும். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பயணத்தில் அதிக நாள் மால்டாவில்தான் என்றால் மால்டாவுக்கே விண்ணப்பியுங்கள்.

3. தீவுக்குப் போய்ச் சேருவது

விமானம் மால்டாவில்தான் இறங்கும். விமான நிலையத்திலிருந்து எக்ஸ்1 பேருந்து வடக்கு முனையில் உள்ள சிர்கெவ்வா துறைக்குப் போகும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து பெரிய கப்பலில் 25 நிமிடத்தில் கோசோவின் இம்ஜார் துறைமுகம். இரவிலும் ஓடுகிற சேவை இது, முன்பதிவு தேவையில்லை. போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பி வரும்போதுதான் வாங்குவார்கள். அதனால் சிர்கெவ்வாவில் கவுண்டரைத் தேடி அலைய வேண்டாம், நேரே ஏறிவிடுங்கள்.

மால்டாவின் தலைநகர் வலேட்டாவிலிருந்து வேகப்படகும் உண்டு, சுமார் 45 நிமிடம். வலேட்டாவில் ஒரு நாள் தங்கிவிட்டு வருகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் கடல் கொந்தளித்தால் முதலில் நிறுத்தப்படுவது அதுதான்.

4. எங்கே தங்குவது

கார் எடுக்கவில்லை என்றால் விக்டோரியாவில் தங்குங்கள். தீவுக்குள் ஓடும் பேருந்துகளின் எண்கள் 3-ல் தொடங்கும், ஏறக்குறைய எல்லாமே விக்டோரியா நிலையத்தைத் தொட்டுத்தான் போகும். கடற்கரை ஊரில் அறை எடுத்தால், அடுத்த கரைக்குப் போகவும் விக்டோரியா வந்து வண்டி மாற வேண்டியிருக்கும். பல தடங்களில் மணிக்கு ஒரு பேருந்துதான் என்பதால் அது அலுத்துப்போகும். நீச்சல் குளத்தோடு கூடிய பழைய பண்ணை வீடுகள் படத்தில் அழகாக இருக்கும், கார் இல்லாமல் அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். காரோட்டுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நம் ஊர் மாதிரியே சாலையின் இடப்பக்கம்தான். சார்ஜருக்கு மட்டும் பிரிட்டிஷ் மூன்று சதுர முள் பிளக் தேவை.

5. காலையில் காற்றைப் பாருங்கள்

இதை மட்டும் தவறவிடாதீர்கள். வாடைக்காற்று வடக்கிலிருந்து வருவதுபோல, வானிலைச் செயலியில் வடமேற்குக் காற்று என்று போட்டிருந்தால் அது வடமேற்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம். மால்டா தீவுகளில் அடிக்கடி வீசுவது இந்த வடமேற்குதான். பலமாக வீசும் நாளில் வடக்குப் பார்த்த ரம்லா கடற்கரையில் அலை அதிகமாக இருக்கும், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. அன்றைக்கே தெற்கே உள்ள இம்ஜார் இஷ்-ஷினி என்ற குறுகிய கடல் இடுக்கிலோ, கொமினோ தீவைப் பார்த்தபடி இருக்கும் ஹொன்டோக் கரையிலோ தண்ணீர் அமைதியாக இருக்கும். தெற்குக் காற்று வீசினால் ரம்லாவுக்குப் போங்கள், அதன் செம்மண் நிற மணலைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆக, "செவ்வாய் ரம்லா, புதன் துவெய்ரா" என்று ஊரிலிருந்தே அட்டவணை போட்டு வராதீர்கள். இடங்களின் பட்டியல் மட்டும் கையில் இருக்கட்டும், எந்த நாள் எது என்பதைக் காலையில் முடிவு செய்யலாம்.

6. பட்டியலில் என்ன இருக்க வேண்டும்

காற்று பலமான நாளுக்கு விக்டோரியாவின் கோட்டை. 1551-ல் ஒட்டோமான் படை இதைப் பிடித்து, தீவு மக்களில் பெரும்பாலோரை, சுமார் 5,000 பேரை, அடிமைகளாகக் கொண்டுபோனது. அந்தப் பயம் தீர வெகுகாலம் ஆயிற்று. 1637 வரை மக்கள் இரவில் கோட்டைக்குள் வந்துதான் படுக்க வேண்டும் என்று விதி இருந்தது. மதில் மேல் நின்றால் ஏறக்குறைய முழுத் தீவும் தெரியும், கடல் எங்கே அமைதியாக இருக்கிறது என்பதையும் ஓரளவு அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே இருக்கும் பேராலயத்தில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். நுழைந்து சற்றுத் தூரம் நடந்து அண்ணாந்தால் மேலே ஆழமான குவிமாடம், அதன் ஜன்னல்களில் வெளிச்சம். பார்த்துக்கொண்டே பீடத்தை நோக்கி நடந்தால் குவிமாடம் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பிக்கும். குவிமாடமே அங்கே கிடையாது! தட்டையான கூரையில் 1739-ல் தீட்டப்பட்ட ஓவியம் அது. வெளியே வந்து கூரையைப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஷாரா ஊரில் ஜிகன்தியா கோயில்கள். கி.மு. 3600 வாக்கில் கட்டத் தொடங்கியவை, கீசா பிரமிடுகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவை. உலோகக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் டன் கணக்கான கற்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு ராட்சசி கட்டினாள் என்று ஊர்க் கதை சொல்கிறது. காலையில் திறந்ததும் போய்விடுங்கள். பார்த்து முடித்து அப்படியே ரம்லாவுக்கு இறங்கி நடக்கலாம்.

காற்றில்லாத நாளை மேற்கே துவெய்ராவுக்கு ஒதுக்குங்கள். இணையத்தில் இன்னும் சுற்றும் அந்தப் பிரம்மாண்டமான கல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது, அதைத் தேட வேண்டாம். அதற்குப் பக்கத்தில் பாறைச் சுவருக்குள் அடங்கிய சிறிய உள்கடல் இருக்கிறது. அங்கிருந்து சின்னப் படகில் பாறைக் குகை வழியாக வெளிக்கடலுக்குக் கூட்டிப்போவார்கள். கடல் சரியில்லை என்றால் படகு கிடையாது. ரொக்கமாக யூரோ வைத்திருங்கள்.

வடகரை ஊரான மர்சல்ஃபோர்னிலிருந்து கரையோரமாக நடந்தால் ஷ்வெய்னி உப்புப் பாத்திகள். பாறையிலேயே வெட்டிய சிறு சிறு பாத்திகள், கோடையில் இன்றும் உப்பு எடுக்கிறார்கள். அது அவர்கள் பிழைப்பு, பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்.

கொமினோவின் நீலக் கடற்கழியை நான் சேர்க்கவில்லை. இடம் அழகுதான், ஆனால் கோடைப் பகலில் அங்கே நெரிசல் அதிகம்.

7. சாப்பாடு

விறகடுப்பில் சுடும் கோசோ ஃப்டீராவைத் தேடிச் சாப்பிடுங்கள். மெல்லிய மாவின் மேல் உருளைக்கிழங்கு வில்லை, ஜ்பெய்னா என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, தக்காளி எல்லாம் வைத்துச் சுடுவார்கள். நதூர் ஊர் பேக்கரிகள் இதற்குப் பேர் போனவை. சைவமென்றால் மீன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், நெத்திலி சேர்ப்பது உண்டு. பட்டாணி வைத்த பாஸ்டிட்ஸி (நம் ஊர் பப்ஸ் மாதிரி) மலிவு, வயிறும் நிறையும். மாவில் என்ன கொழுப்பு சேர்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி, கேட்பதில் சிரமமிருக்காது.

8. திரும்பும் நாள்

விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பாவது கோசோவிலிருந்து கப்பல் ஏறிவிடுங்கள். கப்பல், பேருந்து இரண்டுக்கும் காத்திருக்கும் நேரம் சேரும், மால்டா சாலைகளில் நெரிசல் வேறு. அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவை மால்டாவில் வைத்து, கோசோவில் மூன்று இரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இம்ஜாரில் கப்பலேறும் முன் டிக்கெட் வாங்க வேண்டும், நடந்து ஏறுகிற ஒருவருக்கு 4.65 யூரோ. போன கட்டணமும் அதிலேயே அடக்கம்.